மூட்டு விட்ட மாதம்

1

மண்ணுக்குள் கிடந்த ஒரு பிளாஸ்டிக் குழாயின் மூட்டு எந்த மாதத்தில் விட்டுப்போனது என்பதை, பிறகு தோண்டி எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா?

மூன்று மாதமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். கேட்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சென்ற ஆண்டு ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் நடுவில் அந்த மூட்டு விட்டிருந்தால், என் அப்பா நோயில் படுத்ததற்கு நான் காரணம். அதற்குப் பிறகு விட்டிருந்தால் நான் காரணமில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊரில் ஆறு வருடமாக இருக்கிறோம். கணவருக்கு இங்கே வேலை. மகள் தியாவுக்கு ஐந்து வயது. அப்பாவும் அம்மாவும் ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில், நான் வளர்ந்த அதே வீட்டில் இருக்கிறார்கள். அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் முப்பத்தைந்து வருடம் முன்பு கட்டிய வீடு அது.

சென்ற வாரம் இங்கே எங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் பற்றி ஒரு படிவம் வந்தது. நாலு பக்கம். முதல் பக்கத்திலேயே ஒரு கட்டம்: ‘பிரச்சினையை முதன்முதலில் எப்போது கவனித்தீர்கள்?’ பேனாவை எடுத்தவள் வைத்துவிட்டேன். அதன்பின் இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தேன்.

2

வெளிநாட்டில் சாக்கடை அடைக்காது என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் எங்கள் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. வாசலில் இருக்கும் மூடியைச் சுற்றிலும் நாற்றம். வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்துக்குப் போன் செய்து, “கட்டர் அடைத்துக்கொண்டது” என்றேன். மூன்று நாள் கழித்து ஏணியோடு ஒருவர் வந்து கூரை ஓரத்தைப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இவர்களுக்குக் கட்டர் என்றால் கூரையிலிருந்து மழைநீர் வடியும் தகரத் தொட்டி. நம் ஊரில் தெருவில் ஓடுவதுதான் கட்டர். அதை விளக்கி, இன்னொரு எண் வாங்கி, இன்னொரு வரிசையில் காத்திருந்து, சரியான ஆள் வர மேலும் ஒரு வாரம் ஆனது.

வந்தவர் ஒரு நீளமான கம்பியின் நுனியில் கேமராவைக் கட்டிக் குழாய்க்குள் விட்டார். திரையில் எங்கள் வீட்டின் வயிறு தெரிந்தது. தொண்ணூறு வருடப் பழைய சுட்ட களிமண் குழாய். இரண்டடிக்கு ஒரு மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் பக்கத்துத் தோட்டத்து மரத்தின் வேர், சீப்பில் சிக்கிய முடி போலத் தொங்கியது. “பழைய குழாய் என்றாலே இப்படித்தான்” என்றார். வேரை வெட்டிவிட்டு, நிரந்தரமாகச் செய்வது பற்றிப் பிறகு கடிதம் வரும் என்று போய்விட்டார். அந்தக் கடிதம்தான் போன வாரம் வந்த படிவம்.

அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம், “முத்தாபுதுப்பேட்டையிலும் அதே மண் குழாய்தான். வாதாமரத்துக்கு அடியிலேயே போகிறது” என்றேன்.

“அங்கே ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?” என்றார்.

“சொல்ல மாட்டார்கள்.”

அதுதான் என் பயம். ஊரிலிருக்கும் பெற்றோர் எதையும் சொல்ல மாட்டார்கள் என்ற சந்தேகத்துடன்தான் இங்கே நாங்கள் எல்லாரும் வாழ்கிறோம். ‘நல்லாத்தான் இருக்கோம்’ என்று அம்மா சொன்னால், அந்த ‘தான்’ எதற்கு என்று யோசிப்பவள் நான்.

3

சென்ற ஆண்டு ஏப்ரலில் குழாயை மாற்ற ஏற்பாடு செய்தேன். வேலைக்கு வந்தவர் ஏழுமலை. பக்கத்துக் கிராமத்தில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். நிலமெல்லாம் மனையான பிறகு குழாய் வேலைக்கு வந்தவர். எங்கள் தெருவில் பாதி வீட்டுக் கழிவறைகள் அவர் கை பட்டவை. வேலை நடந்த இரண்டு நாளும் அப்பா கைபேசியைத் தூக்கிப் பிடிக்க, நான் இங்கிருந்து வீடியோவில் பார்த்தேன்.

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கழிவறை வீட்டின் பின்பக்கம். செப்டிக் டேங்க் முன்பக்கம், கேட்டை ஒட்டி. பழைய குழாய் வீட்டின் தெற்குப் பக்கமாக, வாதாமரத்தைத் தாண்டி முன்னால் வந்தது. வடக்குப் பக்கம் காலியாக இருந்தது. அந்தப் பக்கத்தில்தான், போர்டிகோவுக்கு அடியில், சம்ப் இருக்கிறது. தெருக்குழாய்த் தண்ணீர் முதலில் இந்தத் தரைத்தொட்டியில் நிறைந்து, பிறகு மோட்டாரில் மாடிக்குப் போகும்.

“மரத்துப் பக்கம் வேண்டாம்ண்ணா. வடக்குப் பக்கமா கொண்டு போங்க” என்றேன்.

“இன்னாத்துக்கு மேடம்? இதான் நேர் ரூட்டு. பழசை எட்த்துட்டு அதே பள்ளத்துல பிவிசியைப் படுக்க வெச்சா வேலை முடிஞ்சிது.”

“வேர் உள்ளே போயிடும்.”

“மண் பைப்புல போவும். ரெண்டு ரெண்டு அடிக்கு ஜாயிண்ட்டு, சிமெண்ட்டு உதுந்துச்சின்னா பூந்துக்கும். இது இருவது அடி ஒரே பீஸு. பசை போட்டு ஒட்டினா எறும்பு கூடப் போவாது. அந்த மரம் இன்னா, உங்க ஊட்டு பைப்பைத் துன்றதுக்குன்னே நிக்கிதா?”

அப்பா சிரித்தது கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய பள்ளம் தோண்ட எளிது. புதுப் பள்ளம் என்றால் இடுப்பு வலிக்கும். அதனால் சொல்கிறார் என்று நினைத்தேன். கேமராவில் வேரைப் பார்த்தவள் நான். அவர் பார்க்கவில்லை.

அப்பா முடித்து வைத்தார். “பொண்ணு சொல்ற மாதிரியே போட்டுடு ஏழுமலை. அவ அங்க கேமராவிலயே பாத்துருக்கா.”

அந்தக் குரலில் இருந்த பெருமை இப்போதும் காதில் இருக்கிறது.

வடக்குப் பக்கம் போனால் போர்டிகோத் தூணைச் சுற்ற வேண்டும். கூர்மையான வளைவுகளில்தான் அடைப்பு வரும் என்று படித்திருந்தேன். “திடீர்னு திரும்பக் கூடாதுண்ணா. மெதுவா, சாஞ்சாப்ல போகணும்” என்று இரண்டு தடவை சொன்னேன். ஏழுமலை ஏதோ சொன்னார். சிக்னல் விட்டு விட்டு வந்தது. நான் “சரி, சரி” என்றேன்.

மாடிக்கு ஏறும் சாம்பல் நிறப் பழைய காற்றுக்குழாயையும் அறுத்து எடுக்கிறேன் என்றார். அது ஆஸ்பெஸ்டாஸ். அறுத்தால் பறக்கும் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. தொடாமல் விடுங்கள் என்று தடுத்தேன். விட்டுவிட்டார். அந்த இரண்டு நாளில் நான் சொன்னவற்றுள் இந்த ஒன்று மட்டும் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வேலை முடிவதற்குள் திரையைப் படமெடுத்து உறவினர் குழுவில் போட்டேன். பள்ளம், குழாய், ஏழுமலையின் முதுகு, பின்னால் கொஞ்சம் புகை. ‘ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து மேற்பார்வை’ என்று எழுதியிருந்தேன். பதினேழு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். அந்தப் புகை என்ன என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

4

இந்த ஜூலையில் தியாவுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் ஆறு வாரத்துக்கு ஊருக்குப் போனோம். கணவர் வரவில்லை.

சமையலறையில் நுழைந்ததும் கண்ணில் பட்டது, கவிழ்த்து வைத்த தண்ணீர்க் கேன். எங்கள் வீட்டில் எப்போதும் தெருக்குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்போம்.

“எப்பலேருந்தும்மா கேன் தண்ணி?”

“இங்க இப்ப எல்லாருமே கேன்தான்டி. நீ முதல்ல குளிச்சிட்டு வா” என்றார் அம்மா. நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது குளிக்கும்போதுதான் உறைத்தது.

தியாவுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். முதல் நாள் காலையில் பல் தேய்க்க வாயில் தண்ணீரை விட்டதும் முகத்தைச் சுளித்தாள். “ஸ்விம்மிங் பூல்” என்றாள்.

“ஃபாரின் மூக்கு!” என்று அப்பா சிரித்தார். “நம்ம ஊர்த் தண்ணிக்கு விசா இல்லைன்னு சொல்றா பாரு.”

மூன்றாவது வாரம் ஒரு காலை, நீச்சல் குளம் போய் மீன் தொட்டி வந்தது. “ஃபிஷ் டேங்க்” என்று சொல்லிப் பிரஷ்ஷைக் கழுவுதொட்டியில் போட்டுவிட்டாள். நான் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் தெரியாதது போல இருந்தேனோ என்னவோ. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்டிய வீடு. குழந்தை அதன் தண்ணீரைத் துப்புகிறது. எனக்குக் கூச்சமாக இருந்தது.

“தாத்தா வருத்தப்படுவார். தேய்” என்று அவள் தாடையைப் பிடித்துத் தேய்த்துவிட்டேன். வாயைக் கொப்பளிக்கவும் வைத்தேன். அடுத்த நாளும்.

அதற்கடுத்த நாள் தியாவுக்கு வாந்தியும் பேதியும். ஆவடியில் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, “வீட்டுல வேற யாருக்காவது இந்த மாதிரி, இல்ல காமாலை, டைபாய்டு ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்ல டாக்டர்” என்றார் அம்மா, அவர் கேட்டு முடிப்பதற்குள்.

வீடு திரும்பியதும் போர்டிகோவில் சம்ப்பின் இரும்பு மூடியை நானே தூக்கினேன். தியா சொன்னது சரி. மீன் தொட்டிதான். பல நாள் தண்ணீர் மாற்றாத மீன் தொட்டி.

5

ஏழுமலை மறுநாள் காலையே வந்தார். என் சந்தேகம் முழுக்கப் பழைய மண் குழாயின் மேல்தான் இருந்தது.

“பழசை முழுசா எடுத்தீங்களாண்ணா?”

“எடுக்கலயே. ரெண்டு பக்கமும் அடைச்சி மண்ணைத் தள்ளிட்டோம். நல்லா கீறதை எதுக்கு உடைக்கணும்?”

“அதுலேருந்துதான் ஏதோ வருது. தோண்டுங்க.”

“அது அந்தாண்ட கீது, சம்ப்பு இந்தாண்ட கீது. தண்ணி இன்னா, ஊட்டைச் சுத்தி வாக்கிங் வருமா?” என்றார். ஆனாலும் தோண்டினார். நான் பக்கத்தில் நின்றேன். இந்த முறை நேரில்.

இரண்டடி ஆழத்தில் பழைய குழாய் வந்தது. ஊறுகாய் ஜாடியின் அதே கரும்பழுப்பு, அதே மினுக்கம். ஏழுமலை மண்வெட்டிக் காம்பால் தட்டினார். வெண்கலம் போல் ஒலித்தது.

“சத்தம் கேட்டீங்களா? ‘டங்’குன்னா முழுசு. ‘டொக்’குன்னா விரிசல். இதுக்குத் துரு கெடையாது, ஆசிட் ஊத்தினாலும் ஒண்ணும் ஆவாது. லாரி ஏறினா ஒடையும், ஜாயிண்ட்டுல வேர் பூரும். அவ்ளோதான் இதோட கொறை.”

“அப்ப எதுக்கு எல்லாரும் மாத்தறாங்க?”

“தூக்க முடியாது மேடம். ஆறு பேரு தூக்குற மண் பைப்பு ஒருத்தன் தோள்ல பிவிசியா வந்துரும். வெயில்ல கெடந்தா வெடிக்கும், கொதிக்கிற கஞ்சியை ஊத்தினா நெளியும். மண்ணுக்குள்ள, மணல் மெத்தை போட்டு, சரியான பிட்டிங் போட்டுப் படுக்க வெச்சா அதுவும் தங்கம்தான். இரும்புக் கொழாய் உள்ளாற துரு புடிச்சி அரை இஞ்சு ஓட்டையா சுருங்கிடும், பாத்துகீறேன். எதையும் போடறவன் கையில கீது.”

நான் எதிர்பார்த்தது நொறுங்கிப்போன ஒரு குழாயை. பதினோரு மூட்டில் இரண்டில் மட்டும் மெல்லிய வேர் இருந்தது. உள்ளே காய்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. ஒரு சொட்டும் அங்கிருந்து போக வழியில்லை.

பிறகு அவர் வடக்குப் பக்கம் போனார். தூணுக்கும் சம்ப்பின் சுவருக்கும் நடுவில் மண்வெட்டியைப் போட்டதும் மண் கறுப்பாக, ஈரமாக வந்தது. நாற்றம் அடித்தது. நான் வீடியோவில் மெதுவாக, சாய்வாகப் போகச் சொன்ன குழாய், சம்ப்பின் செங்கல் சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. வளைவின் வெளிப்புறம் பிளாஸ்டிக் அப்பளம் போல் மெலிந்து, பழுப்பேறி இருந்தது. வளைவு அடுத்த குழாயில் நுழையும் இடத்தில் மூட்டு விட்டு, என் சுண்டுவிரல் போகும் அளவுக்கு இடைவெளி.

“இதை நெருப்புல காட்டினீங்களா?”

“பின்ன? நீங்கதான மேடம் சாஞ்சாப்ல போவணும்னீங்க. கடையில விக்கிற வளைவு பெண்டு ஒண்ணு முழுசாத் திரும்பும், ஒண்ணு பாதி திரும்பும். நீங்க கேட்ட சாஞ்ச பெண்டு எந்தக் கடையிலயும் கெடையாது. வைக்கோல் கொளுத்தி வாட்டி வளைச்சேன். முனையையும் வாட்டி விரிச்சி மாட்டினேன். போன்ல கேட்டேனே, ‘வாட்டட்டுமா’ன்னு? சரி சரின்னீங்களே.”

கைபேசியை எடுத்து அந்தப் படத்தைத் தேடினேன். ஏழுமலையின் முதுகு. பின்னால் புகை.

எனக்குக் கோபம்தான் வந்தது. “வாட்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“இங்க எல்லாரும் வாட்டித்தான் மாட்டுவோம். பத்துல ஒம்போது நிக்கும்” என்றார். பிறகு குரல் இறங்கியது. “என் மேலயும் தப்பு கீது, இல்லன்னு சொல்லல. அப்பவே தொறந்து பாத்துருக்கணும். சாருக்குக் காமாலை வந்தப்பவே நான் சொன்னேன், ‘சம்ப்பைத் தொறந்து ஒருதபா பாத்துருவோம் சார்’னு. சாருதான் வேணாம்னுட்டாரு.”

“யாருக்குக் காமாலை?”

ஏழுமலை மண்வெட்டியைப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

“ஐயய்யே” என்றார் ஏழுமலை. “உங்களுக்குத் தெரியாதா?”

6

சென்ற நவம்பர். மூன்று வாரம் படுக்கை. கீழாநெல்லி, கஞ்சி, பிறகு நான்கு நாள் மருத்துவமனையில் குளுக்கோஸ். அம்மா ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னார். கேன் தண்ணீர் அப்போது ஆரம்பித்தது.

நவம்பர் முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் நான் அப்பாவை வீடியோவில் பார்த்தேன். மூன்று வாரமும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “மெட்ராஸ் ஐ வந்துருக்கும்மா. பாத்தா உனக்கும் ஒட்டிக்கும்” என்றார். தியாவும் தன் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நான் அதைப் படமெடுத்து வைத்திருக்கிறேன். எல்லாரையும் சந்தேகப்படுகிற நான் அந்தக் கண்ணாடியைச் சந்தேகப்படவில்லை.

மாலையில் அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, தோண்டிய பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏம்ப்பா சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? குழந்தையத் தூக்கிட்டு ஓடி வந்திருப்ப. லீவு இல்ல, ஒண்ணுமில்ல.”

“ஏழுமலை சம்ப்பைத் திறக்கலாம்னப்ப ஏன் வேணாம்னீங்க?”

“பூந்தமல்லியில ஒரு கல்யாணத்துக்குப் போனேன்மா. வாசல்ல பானிபூரி போட்டான். அந்தத் தண்ணிய நாலு தடவை வாங்கிக் குடிச்சேன். அதுதான்.”

“அதை எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க?”

“மழை வேற. தெருவுல முழங்கால் தண்ணி. யார் வீட்டு சம்ப்பு நல்லா இருந்துச்சு?”

“அப்ப பானிபூரியா, மழைத் தண்ணியா?”

“நீ என்ன போலீசா?” என்றார். சிரிக்கவில்லை.

பிறகு அவரே சொன்னார். “நீங்க வர்றதுக்கு முன்னாடி சம்ப்பைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் நிறையப் போட்டேன். குழந்தை வருதுன்னு. அதுக்கு மேல ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சேன்.”

தியா முதலில் சொன்ன நீச்சல் குளம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. பவுடர் தீர்ந்ததும் மீன் தொட்டி வந்திருக்கிறது.

சந்தேகம் இல்லாதவர் எதற்கு அவ்வளவு பிளீச்சிங் போட வேண்டும்? சந்தேகம் இருந்தால் குழந்தையை எப்படி அந்தத் தண்ணீரில் பல் தேய்க்க விடுவார்? இரண்டும் எனக்குச் சேரவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: சம்ப்பைத் திறந்து, பக்கத்து மண்ணைத் தோண்டினால் அங்கே யார் சொல்லிப் போட்ட குழாய் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதை நான் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நவம்பரில் ஏழுமலையைத் திறக்க விடவில்லை; பிறகு தானே கழுவி மூடிவிட்டார். இது உண்மையா, அல்லது என் சந்தேகப் புத்தி கட்டிய கதையா என்றும் தெரியவில்லை.

கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் எழுந்து, “குழந்தைக்கு இளநீர் வாங்கிட்டு வரேன்” என்று செருப்பை மாட்டினார்.

7

தியா நான்கு நாளில் தேறிவிட்டாள். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். குடிக்கவோ, வாய் கொப்பளிக்கவோ தகுதியில்லை என்று வந்தது. எப்போதிலிருந்து என்று அந்தத் தாளில் இல்லை. சம்ப்பைக் காலி செய்து, தேய்த்து, உள்ளே புதிதாகப் பூசினார்கள். ஏழுமலை வடக்குப் பக்கத்துக் குழாயை முழுக்க எடுத்துவிட்டு, வாதாமரத்துப் பக்கம், அவர் முதலில் சொன்ன அதே நேர் வழியில், மணல் போட்டு, கடையில் விற்கும் இணைப்புகளை வைத்துப் புதிய பிவிசி போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. “இன்னா மேடம், சூபர்வைசர் இன்னிக்கி லீவா?” என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

விட்டுப்போன மூட்டை அறுத்து, கழுவி, அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். பழைய துணியில் சுற்றி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அதைப் படம் எடுத்து, தெரிந்த பொறியாளர் ஒருவருக்கு அனுப்பினேன். “வாட்டிய மூட்டு முதல் மழையிலும் விடலாம், மூன்று வருடம் தாங்கியும் விடலாம்” என்று பதில் எழுதினார்.

இங்கே பள்ளி திறந்து, தியாவின் வகுப்பில் ‘விடுமுறையில் என்ன செய்தேன்’ என்று வரையச் சொன்னார்களாம். ஒரு பெரிய மீன் தொட்டி, அதற்குள் ஒரு பல் தேய்க்கும் பிரஷ். கீழே ‘தாத்தா வீடு’ என்று ஆசிரியை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எங்களைப் பாராட்டி ஒரு குறிப்பு வேறு அனுப்பியிருந்தார். தாத்தா மீன் வளர்க்கிறார் என்று நினைத்துவிட்டார் போலும். நான் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீடியோவில் முதலில் கேட்பது, “பாப்பா பல் தேய்ச்சிட்டியா?”

தியா தலையாட்டுவாள்.

“தாத்தா வீட்டுத் தண்ணி இப்ப சூப்பரா இருக்கு. அடுத்த லீவுக்கு வரியா?”

“நோ! ஃபிஷ் டேங்க்!” என்று கத்திவிட்டு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு ஓடிவிடுவாள். அவளுக்கு அது விளையாட்டு. அப்பாவும் சிரிப்பார். பிறகு கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். வாரா வாரம் இப்படித்தான் நடக்கிறது. அவர் எழுந்து போகும்போது கண்ணைப் பார்க்க முயல்கிறேன், வெள்ளையாக இருக்கிறதா என்று. திரையில் சரியாகத் தெரிவதில்லை.

படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். களிமண் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போடுவதா, அல்லது இருக்கும் குழாய்க்குள்ளேயே ஓர் உறையைச் செலுத்தி ஒட்டிவிடுவதா என்று கேட்டிருக்கிறார்கள். கூடவே வந்த துண்டுப் பிரசுரம் பிளாஸ்டிக்கைப் புகழ்கிறது. அதை அச்சடித்தவர் பிளாஸ்டிக் குழாய் விற்பவர் என்பதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கண்டுபிடித்தேன். எதிர்வீட்டுக்காரர் மண் குழாயே நூறு வருடம் போகும் என்கிறார். அவர் வீட்டுக் குழாயைக் கேமரா பார்த்ததே இல்லை. யாரை நம்புவது என்று தெரியாததால் நானே முடிவெடுத்துக்கொண்டிருந்தேன் முன்பெல்லாம். இப்போது அந்தத் தைரியம் இல்லை.

ஆகவே, படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்களில் குழாய் வேலை தெரிந்தவர்கள் இருப்பீர்கள். மண்ணுக்குள் கிடந்த பிவிசி மூட்டில் படிந்த கறையையோ, சுற்றியிருந்த மண்ணின் கறுப்பையோ, சம்ப்புச் சுவரில் ஊறிய ஈரத்தின் உயரத்தையோ வைத்து, கசிவு எத்தனை மாதப் பழசு என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால் எழுதுங்கள்; மூட்டு இன்னும் மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது, வேண்டிய படங்களை எடுத்து அனுப்பச் சொல்கிறேன். படிவத்துக்கு உறையா, புதுக் குழாயா என்பதையும் முடிந்தால் சொல்லுங்கள்.

சொல்ல முடியாது என்பதுதான் பதில் என்றால், இன்னொரு யோசனை வேண்டும். இது குழாய் தெரியாதவர்களுக்கும். அப்பாவிடம் மறுபடி கேட்டால் பானிபூரி என்றுதான் சொல்வார். அவர் அதையே கடைசிவரை சொல்லட்டும். அதை நான் நம்புவதற்கு மட்டும் ஏதாவது வழி இருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.